தொடக்கநிலை எடைப்பயிற்சியைப் படிப்படியாகக் கடினமாக்கும் முறை

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று பயிற்சி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து ரெப்பாக மூன்று முதல் ஐந்து செட்: பார்பெல்லைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு எங்கும் கொடுக்கப்படும் அட்டவணை பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும். பார்பெல் என்பது இரு முனைகளிலும் எடைத் தட்டுகளை, அதாவது பிளேட்டுகளை, மாட்டும் நீண்ட கம்பி. ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து எடுக்கும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட். ஸ்குவாட் (பார்பெல்லைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), பார்பெல் ரோ (குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுப்பது) ஆகிய ஐந்தும் அதில் மாறி மாறி வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று நம்மவர்கள் சேர்ந்து வாழும் இடங்களில் இதை வீட்டுக் கராஜிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் கட்டி ஜிம்முக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்த பிறகு இரு தரப்பினருக்கும் எழும் கேள்வி ஒன்றே: இதை இன்னும் கடினமாக்க என்ன செய்ய வேண்டும்?

இணையத்தில் கண்ட புதிய அட்டவணைக்குத் தாவுவதுதான் பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. அது பயன் தராத வழி என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிகள், செட், ரெப், நாட்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டால், பிறகு வரும் முன்னேற்றத்துக்கோ தேக்கத்துக்கோ எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருக்கும் அட்டவணையையே வைத்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவை இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். மாற்றக்கூடியவை அதிகமில்லை: எடை, ரெப், கனமான நாளும் இலேசான நாளும் வரும் ஒழுங்கு, பயிற்சியைச் செய்யும் விதம், செட், வாரத்தின் பயிற்சி நாட்கள். இவற்றை எந்த வரிசையில், எந்த அளவில் தொடுவது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

எளிதாகிவிட்டதா, நின்றுவிட்டதா?

பயிற்சி எளிதாகிவிட்டது என்பதும் எடை ஏற மறுக்கிறது என்பதும் வெவ்வேறு நிலைகள். இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் நிலையில் இருப்பவருக்கு வேண்டியது கூடுதல் சுமை. இரண்டாம் நிலையில் இருப்பவர் சுமையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். நாம் எதில் இருக்கிறோம் என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தேதி, பயிற்சி, எடை, ஒவ்வொரு செட்டிலும் எடுத்த ரெப் ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் இன்னோர் எண்ணையும் குறியுங்கள். அந்தச் செட்டை முடித்தபோது, முறை கெடாமல் இன்னும் எத்தனை ரெப் எடுத்திருக்க முடியும் என்ற உங்கள் மதிப்பீடுதான் அந்த எண். இதை மீதம் என்று அழைப்போம்.

கடைசிச் செட்டுக்குப் பிறகும் நான்கோ அதற்கு மேலோ மீதம் இருந்தால் பயிற்சி எளிதாகிவிட்டது என்று பொருள். ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் சுமை சரியான இடத்தில் இருக்கிறது. அங்கே எதையும் மாற்ற வேண்டாம். புதியவர்கள் மீதத்தைக் குறைவாகவே மதிப்பிடுவார்கள். இரண்டு என்று எழுதியவரிடம் உண்மையில் நான்கு ஐந்து இருக்கும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை, டம்பெல் ரோ (ஒரு கையில் பிடிக்கும் எடையைக் குனிந்து இழுப்பது), லெக் பிரஸ் (இயந்திரத்தில் சாய்ந்து காலால் எடையைத் தள்ளுவது) போன்று ஆபத்தில்லாத ஒரு பயிற்சியில் கடைசிச் செட்டை மட்டும் இனி முடியாது என்ற இடம்வரை கொண்டுபோய்ப் பாருங்கள். மதிப்பீடு தானாகச் சீர்படும்.

நின்றுவிட்ட நிலை நோட்டில் எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்குவாட் 60 கிலோவில் 5, 5, 5. அடுத்த முறை 62.5 கிலோவில் 5, 5, 4. அதற்கடுத்து அதே எடையில் 5, 4, 4. பிறகு 5, 4, 3. ஒரே எடையில் தொடர்ந்து மூன்று முறை ரெப் குறைந்துகொண்டே வந்திருப்பதால் இது உண்மையான தேக்கம். 62.5 கிலோவில் ஒருநாள் மட்டும் தவறி, மறுமுறை 5, 5, 5 வந்திருந்தால் அது தேக்கமில்லை. அன்றைய தூக்கமோ சாப்பாடோ சரியில்லாமல் இருந்திருக்கும்.

தேக்கம் என்று முடிவு கட்டும் முன் செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறீர்கள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ் போன்ற பெரிய பயிற்சிகளுக்கு மூன்று நிமிடம் வேண்டும். கனமான நாளில் ஐந்து நிமிடம் எடுத்தாலும் தவறில்லை. ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டைத் தொடங்கினால் மூச்சு வாங்கும், வியர்க்கும், கடினமாகவும் தோன்றும். ஆனால் தசை தூக்கும் மொத்த எடை குறைந்துபோகும். ஓய்வைக் குறைத்துப் பயிற்சியைக் கடினமாக்குவதை, வலிமை கூட வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கைத்தசை, கெண்டைக்கால் போன்ற சிறு பயிற்சிகளில் மட்டும் அறுபது முதல் தொண்ணூறு விநாடி போதும்.

எடையை ஏற்றும் அளவு

ஊர்க் கோவில் வாசலில் கிடந்த இளவட்டக்கல்லுக்கு ஒரே எடைதான். ஒருவன் அதைத் தூக்கினான் அல்லது தூக்கவில்லை, அவ்வளவே. பார்பெல்லின் சிறப்பு, அதன் எடையைச் சிறுகச் சிறுக ஏற்ற முடிவதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் வலுவிழந்த கால்களை மீட்க முனைந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1940களில் இந்த எண்ணத்தைத்தான் முறைப்படுத்தினார். நோயாளி பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, அதில் பாதி, முக்கால், முழுமை என்று மூன்று செட் செய்ய வைத்து, வலிமை ஏற ஏற அந்தப் பத்துமுறை எடையை மறுபடி அளந்து உயர்த்துவது அவர் வகுத்த வழி. இன்றைய அட்டவணைகள் அனைத்துக்கும் அடியில் இருப்பது இதே கணக்குதான்.

முதல் சில வாரங்களில் ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் ஒவ்வொரு முறையும் 5 கிலோ ஏற்ற முடியும். பிறகு அது 2.5 கிலோவாகும். பெஞ்ச் பிரஸ், ஓவர்ஹெட் பிரஸ் ஆகியவற்றில் தொடக்கத்திலேயே 2.5 கிலோதான், விரைவில் அதுவும் அதிகமாகிவிடும். கராஜில் பயிற்சி செய்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. தொகுப்பாக வாங்கும் பிளேட்டுகளில் மிகச் சிறியது பல சமயம் 2.5 கிலோவாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றொன்று போட்டால் 5 கிலோ ஏறிவிடுகிறது. 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது இருபதில் ஒரு பங்கு. 30 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குபவருக்கு ஆறில் ஒரு பங்கு. ஓவர்ஹெட் பிரஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றுபோவதற்கு உடலைக் குறை சொல்வதைவிட இந்தத் தாவலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கினால் தாவல் பாதியாகும். அரை கிலோ பிளேட்டும் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில் ஹார்டுவேர் கடையில் பெரிய இரும்பு வாஷர்களை வாங்கி, சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு பக்கத்துக்கு அரை கிலோ வருமாறு கட்டி, பார்பெல்லின் முனையில் பிளேட்டுக்கு அடுத்துப் போட்டு, பிளேட் நழுவாமல் தடுக்கும் கிளிப்பை மாட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டியிலேயே இன்று ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே 1 கிலோ மட்டும் ஏற்றலாம் என்பதை நினைத்தால், வீட்டில் 1 கிலோ ஏற்றுவதில் கூச்சப்பட எதுவுமில்லை.

பழைய பிளேட்டுகளைக் கைமாற்றாக வாங்கியவர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை குளியலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அச்சிட்ட எடையும் உண்மை எடையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் மீதும் உண்மை எடையைப் பெயின்டால் எழுதி, ஒத்த எடை உள்ளவற்றை ஜோடியாகப் பிரித்து வையுங்கள். பார்பெல்லையும் நிறுங்கள்: பளுதூக்கும் போட்டிகளில் ஆண்களுடையது 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ, வீட்டுக்கு விற்கப்படும் மெல்லிய கம்பிகள் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

டர்பனில் 1936-இல் பிறந்த பிரெஷஸ் மெக்கென்ஸியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நிறவெறிச் சட்டங்கள் காரணமாகத் தன் நாட்டுக்காகத் தூக்கும் உரிமை மறுக்கப்பட்டு வெளியேறிய அவர், 1966, 1970, 1974 ஆகிய காமன்வெல்த் போட்டிகளில் இங்கிலாந்துக்காகவும், 1978-இல் நியூசிலாந்துக்காகவும் பளுதூக்கலில் தங்கம் வென்றார். கடைசித் தங்கத்தின்போது அவருக்கு வயது 42. பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் உச்சத்தில் நிற்க முடிந்த விளையாட்டில், நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் பதறத் தேவையில்லை.

ரெப்பை ஏற்றிப் பிறகு எடையை ஏற்றுவது

சிறிய பிளேட் கிடைக்காதபோதும், டம்பெல்லை வைத்துச் செய்யும்போதும் இதுவே சிறந்த வழி. ஜிம்மில் 10 கிலோ டம்பெல்லுக்கு அடுத்தது 12.5 கிலோ என்றால் அது ஒரே அடியாகக் கால் பங்கு ஏற்றம். எனவே ஒரே எடையில் ரெப்பை மட்டும் ஏற்றுங்கள். மூன்று செட், எட்டு முதல் பன்னிரண்டு ரெப் என்று எல்லையை வைத்துக்கொண்டு, முதல் வாரம் 8, 8, 8 எடுத்தவர் பிறகு 9, 8, 8 என்றும் 10, 9, 9 என்றும் ஏறி, மூன்று செட்டிலும் பன்னிரண்டைத் தொட்ட பிறகே அடுத்த டம்பெல்லுக்குப் போக வேண்டும். அங்கே மறுபடி எட்டிலிருந்து தொடங்க வேண்டும். எட்டும் வரவில்லை என்றால் எல்லையின் மேல் முனையைப் பதினைந்து ஆக்கிக்கொண்டு பழைய டம்பெல்லிலேயே இன்னும் சில வாரம் இருங்கள்.

எடை கூடி ரெப் குறையும்போது முன்னேறினோமா பின்வாங்கினோமா என்ற ஐயம் வரும். அதற்கு எப்லி சூத்திரம் உதவும்: எடுத்த ரெப்பை 30-ஆல் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையின் மதிப்பீடு கிடைக்கும். 50 கிலோவை 8 முறை தூக்கினால் விடை ஏறக்குறைய 63 கிலோ. 52.5 கிலோவை 6 முறை தூக்கினாலும் அதே 63 கிலோதான். அதாவது எடையை ஏற்றியவர் வலிமையில் இருந்த இடத்திலேயே இருக்கிறார். 50 கிலோவில் 10 முறை வந்திருந்தால் விடை 66 கிலோவைத் தாண்டியிருக்கும்; அதுதான் முன்னேற்றம். பத்து ரெப்புக்கு மேல் இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம்.

தேக்கத்தை உடைப்பது

முதல் தேக்கத்துக்குப் பத்து விழுக்காடு இறக்கம் போதும். 62.5 கிலோவில் நின்றவர் 55 அல்லது 57.5 கிலோவுக்கு இறங்கி, ஒவ்வொரு ரெப்பையும் முழு ஆழத்துக்கு, வேகமாக எழும்பிச் செய்துகொண்டு, பழைய அளவில் மறுபடி ஏற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் நின்ற இடத்தைக் கடந்துவிடுவார்கள். இறங்குவது பலருக்கு மனத்துக்கு ஒப்பாது. ஆனால் இறங்காமல் அதே எடையோடு மல்லுக்கட்டுபவரின் முறை கெட்டு, கெட்ட முறையே பழக்கமாகிவிடுகிறது.

இறங்கி ஏறியும் அதே இடத்தில் இரண்டாம் முறை நின்றால், ஒவ்வொரு முறையும் எடை ஏறும் காலம் அந்தப் பயிற்சியில் முடிந்துவிட்டது. இனி வாரத்துக்கு ஒருமுறை ஏறும்படி மாற்ற வேண்டும். திங்கள் கனமான நாள்: 70 கிலோவில் மூன்று செட், ஐந்து ரெப். புதன் இலேசான நாள்: 55 கிலோவில் இரண்டு செட் மட்டும், ஒவ்வொரு ரெப்பும் அழகாக வர வேண்டும். வெள்ளி நடுத்தர நாள்: 62.5 கிலோவில் மூன்று செட். அடுத்த திங்கள் 72.5 கிலோ. புதன்கிழமை சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அதைத் தவிர்த்துவிட்டுக் கனமான நாளையே மூன்று முறை செய்பவர்களால் திங்கட்கிழமைச் சுமையைத் தொடர்ந்து ஏற்ற முடிவதில்லை. களைப்பு இறங்குவதற்கு இடம் வேண்டும். முறை மறக்காமல் இருக்கப் பழக்கமும் வேண்டும். புதன் இரண்டையும் தருகிறது.

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வேறொரு வழி நன்றாக வேலை செய்யும். முதல் செட்டை மட்டும் அன்றைய உச்சமாக, மீதம் ஒன்று இருக்கும்படி ஐந்து ரெப் எடுத்துவிட்டு, பிறகு பத்து விழுக்காடு குறைத்து இரண்டு மூன்று செட் ஆறு முதல் எட்டு ரெப் வரை செய்யுங்கள். கனமும் கிடைக்கும், மொத்த ரெப்பும் குறையாது.

தனியாகப் பெஞ்ச் பிரஸ் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை, நெஞ்சு உயர்ந்திருக்கும்போது அதற்குச் சற்றே கீழாகவும், உடலைத் தளர்த்திப் படுத்தால் கழுத்துக்கு மேலாகவும் இருக்கும் உயரத்தில் பொருத்துங்கள். அப்படிப்பட்ட ரேக் இல்லாத வீட்டில் கிளிப்பை மாட்டாதீர்கள். பார்பெல் நெஞ்சில் அமர்ந்துவிட்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளை நழுவவிடலாம். அதுவும் முடியாத சூழலில் டம்பெல்லுக்கு மாறுங்கள்.

அதே எடை, கடினமான விதம்

பிளேட்டுகள் தீர்ந்துபோன கராஜுக்கு இந்தப் பகுதி மிகவும் பயன்படும். ஆனால் போதிய எடை இருப்பவர்களும் இதைக் கற்க வேண்டும் என்பேன், ஏனென்றால் பலவீனம் எங்கே என்பதை இது காட்டிக்கொடுக்கும்.

ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். எடை ஏறியதும் பலர் அடியிலிருந்து துள்ளி எழுகிறார்கள். துள்ளலில் தசைநார்களின் நெகிழ்ச்சி ஒரு பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. இப்போது எடையை 15 முதல் 20 விழுக்காடு குறைத்துக்கொண்டு, தொடை முழங்காலுக்குக் கீழே இறங்கிய இடத்தில் இரண்டு விநாடி அசையாமல் நில்லுங்கள். மூச்சை விட்டுவிடாதீர்கள், வயிற்றைத் தளர்த்தாதீர்கள், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. பிறகு எழுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தால் ஒன்று தெரியும்: எழும் முதல் கணத்தில் இடுப்பு மட்டும் மேலே வந்து, நெஞ்சு முன்னால் கவிழ்ந்து, முழங்கால் பின்னால் போகிறதா? அப்படியென்றால் தொடையின் முன்தசை தாங்காத சுமையை முதுகு வாங்கிக்கொள்கிறது. நெஞ்சும் இடுப்பும் ஒன்றாக எழும்வரை எடையை ஏற்றக் கூடாது. நான்கு வாரம் இப்படி நின்று எழுந்தவர் வழக்கமான ஸ்குவாட்டுக்குத் திரும்பும்போது முன்பு நின்ற எடை எழும்பிவிடும் என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

இறங்கும் வேகத்தைக் குறைப்பதும் ஒரு வழி. மூன்று நான்கு விநாடி எண்ணிக்கொண்டே இறங்கினால் அதே எடை வேறு எடையாகத் தெரியும். பெஞ்ச் பிரஸ்ஸில் பார்பெல்லை நெஞ்சில் ஒரு விநாடி நிறுத்தலாம். டெட்லிஃப்டில் 5 செ.மீ. உயர மரப்பலகை மேல் நின்று தூக்கினால் தரையிலிருந்து எழும் பகுதி கடினமாகும். முதுகு வளையாமல் அந்த ஆழத்துக்குக் குனிய முடிந்தவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டும். கால்களுக்கு, பின்காலைப் பெஞ்சின் மேல் வைத்து ஒற்றைக்காலில் இறங்கும் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு இணையில்லை. கையில் இரண்டு 10 கிலோ டம்பெல் இருந்தாலே போதும். தண்டால் எளிதாகிவிட்டவர்கள் முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து, வார்களை இறுக்கிக் கட்டிக்கொண்டு எடுக்கலாம். பை கழுத்துப் பக்கம் சரியாமல் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

இவற்றில் ஒரு சமயத்துக்கு ஒன்று போதும். நிறுத்தல், மெதுவான இறக்கம், ஒற்றைக்கால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சேர்த்தால் தசைவலி மிஞ்சும், நோட்டில் எதுவும் விளங்காது.

செட்டும் நாட்களும்

ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து முதல் இருபது கனமான செட் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூன்று நாளும் மூன்று செட் ஸ்குவாட் செய்பவரின் தொடைக்கு ஒன்பது செட் ஏற்கெனவே கிடைக்கிறது. அவருக்குக் கால் பயிற்சியைக் கூட்டும் அவசரம் இல்லை. நெஞ்சுக்கும் முதுகுக்கும் பெரும்பாலும் ஐந்தாறுதான் கிடைக்கும். ஆகவே முதலில் பெஞ்ச் பிரஸ்ஸிலும் ரோவிலும் ஒரு செட் கூட்டி, மூன்று வாரம் பார்த்துவிட்டு, புல்அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) அல்லது லாட் புல்டவுன் (இயந்திரத்தின் கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுப்பது) இரண்டு செட் சேருங்கள்.

நான்காம் நாளைச் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் மூன்று நாளையே தவறாமல் பிடிப்பது அரிது. அவர்களுக்கு நான்காம் நாள் ஏட்டில் மட்டும்தான் இருக்கும். மூன்று நாளும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டத் தொடங்கி, கடைசிப் பயிற்சி எப்போதும் அரைகுறையாக முடிகிறது என்றால் மட்டும் திங்கள், வியாழன் மேலுடலுக்கு என்றும், செவ்வாய், வெள்ளி கீழுடலுக்கு என்றும் பிரியுங்கள். பிரித்த முதல் இரண்டு வாரம் மொத்த செட்டை ஏற்றாமல், பழைய அளவையே நான்கு நாளில் பரப்புங்கள்.

வெயில், விரதம், ஓட்டம்

ஜனவரி, பிப்ரவரியில் டர்பனின் ஈர வெப்பத்தில் தகரக் கூரைக் கராஜுக்குள் உச்சச் சுமையைத் தேடுவது வீண். விடியலிலோ இருட்டிய பிறகோ கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிடி வழுக்காமல் இருக்கக் கைக்குச் சாக்பொடி தேவைப்படும். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் முடித்ததும் வியர்வையைத் துடைத்து, அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள். அந்த இரண்டு மாதமும் எடை ஏற்றத்தை நிறுத்தி வைத்து, மேலே சொன்ன நிறுத்தல் பயிற்சிகளைச் செய்வது நல்ல ஏற்பாடு.

புரட்டாசியில் நம் வீடுகளில் மாதம் முழுவதும் புலால் கிடையாது. வலிமைப் பயிற்சி செய்பவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.6 கிராம், 70 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 112 கிராம். வெந்த பருப்பில் 100 கிராமுக்கு 9 கிராம் அளவில்தான் புரதம் இருக்கிறது. நாளெல்லாம் சேர்த்து 400 கிராம் வெந்த பருப்போ சுகர் பீன்ஸ் என்ற அவரை வகையோ சாப்பிட்டால் சுமார் 36 கிராம், அரை லிட்டர் மாஸ் (புளித்த கெட்டிப் பால்) அல்லது பாலில் சுமார் 16 கிராம், உலர்ந்த சோயா 50 கிராமைக் கறிபோல் சமைத்தால் சுமார் 25 கிராம், ரொட்டி சோற்றிலிருந்து இருபதுக்குக் கிட்ட என்று நூறை நெருங்கிவிடலாம். எட்டவே முடியாத அளவில்லை. ஆனால் திட்டமிடாமல் சோறும் உருளைக்கிழங்குக் கறியுமாக மாதத்தைக் கழிப்பவருக்கு எடை ஏறாது. புரட்டாசியில் செட்டைக் கூட்டும் மாற்றங்களைத் தொடங்காதீர்கள். இருக்கும் எடையைக் காப்பாற்றினாலே போதும்.

தைப்பூசக் காவடிக்காக விரதம் இருக்கும் நாட்களை இறக்க வாரமாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்: வழக்கமான எடையில் எண்பது விழுக்காடு, செட் பாதி. தோளில் காவடி சுமந்து வெறுங்காலில் நடந்தவர்கள், தோளும் பாதமும் ஆறும்வரை ஸ்குவாட்டைத் தள்ளிப்போட வேண்டும். விரதம் இல்லாதவர்களுக்கும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் இறக்க வாரம் தேவை. இரண்டு மூன்று பயிற்சிகளில் ரெப் ஒரே சமயத்தில் குறைந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் இறங்கிவிடுங்கள்.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கி.மீ. ஓடும் காம்ரேட்ஸ் மராத்தானுக்குத் தயாராகிறவர்கள், ஓட்டம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் கால் பயிற்சியை வாரத்துக்கு ஒருமுறை இரண்டு செட்டாகச் சுருக்கி, மேலுடலில் மட்டும் முன்னேற்றத்தைத் தேட வேண்டும்.

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் சாதாரணமாகிவிட்டதால் இதையும் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் பயிற்சி நீளும்போது சர்க்கரை இறங்கக்கூடும். செட்டைக் கூட்டும் முன் மருத்துவரிடம் பேசுங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், இனிப்பு ஏதாவது கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி உச்ச எடை தூக்குவதைத் தவிர்த்து, எட்டு முதல் பன்னிரண்டு ரெப் எல்லையில் முன்னேறலாம். நெஞ்சில் வலி, தலைசுற்றல், கைகால் மரத்துப்போதல், மூட்டில் குத்தும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது. நெஞ்சு வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

அடுத்த இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், மீதத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு ஐந்து பயிற்சிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், ஓவர்ஹெட் பிரஸ் நின்றிருக்கும், ரோவில் மீதம் நான்கு இருக்கும். ஏறிக்கொண்டிருப்பவற்றைத் தொடாதீர்கள். ரோவில் எடையை ஏற்றுங்கள். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் பத்து விழுக்காடு இறங்கி, 1.25 கிலோவுக்கு மேல் தாவாமல் ஏறுங்கள். சிறிய பிளேட் வரும்வரை ஐந்து ரெப்பை ஆறாகவும் ஏழாகவும் எட்டாகவும் ஆக்குங்கள். இந்த மாற்றங்களைத் தொடங்கி மூன்றாம் வாரம் முடிந்ததும் நோட்டைத் திறந்து, அந்த இரண்டு பயிற்சிகளின் வரிகளை மட்டும் படித்து, அடுத்த மாற்றத்தை முடிவு செய்யுங்கள்.